தலைப்பெழுத்து

பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன்.
சாப்பாட்டுப் பெட்டி தனியாகப் போனது.
இடியப்பத்தை எக்ஸ்ரே எடுத்து முடிந்ததும்
காவலாளி மேலே கையைக் காட்டினான்:
எல்லாம் திரையில் இருக்கும்.

டண்டினோங் நீதிமன்றம், கீழ்த்தளம், யூலைக் குளிர்.
மூன்று திரைகள்.
நடுத்திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு.
ஊரில் கோர்ட்டைக் கோடு என்றுதான் சொல்வோம்.
கோட்டுக்குள்ளும் ஒரு கோடு,
அறை இலக்கம் வரும் இடத்தில் சரியாக.

ஒரு பக்கத்துக்கு எட்டுச் செக்கன்.
பதினொரு பக்கம்.
நடுநடுவே
கழிவறை எந்தத் திசை, கைபேசியை அணைக்கவும்.

பெயருக்குப் பதினைந்து இடம் விட்டிருக்கிறார்கள்,
குடும்பப் பெயர் முதலில்.
என் குடும்பத்துக்கு அப்படியொரு பெயர் இல்லை.
விசாப் பத்திரத்தில் கட்டம் வெறுமையாய்க் கிடக்கக் கூடாதாம்,
அப்பாவை எழுதிக் கொடுத்தேன்.
இங்கே வந்து இப்படி நிற்பாரென்று
அப்போது யோசிக்கவில்லை.

அருளம்பலம், நி
அறை 4
வேகம்

என் பள்ளிக்கூடக் கொப்பிகளில் அவர் ஓரெழுத்து.
ஒரு அ, ஒரு புள்ளி,
பிறகு முழு நீளத்துக்கு நான். அ. நிரோஜினி.
இன்றைக்கு அவர் முழுதாய் நிற்கிறார்,
அவருக்குப் பின்னால் நான் ஒரு நி.
புள்ளிகூட இல்லை.

அருளம்பலம் இருபத்திரண்டு வருசம்
இ.போ.ச. பஸ் ஓட்டியவர்,
கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும்.
கோழி குறுக்கே வந்தாலும் நிறுத்தி அனுப்புவார்.
சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போவதைப் பார்த்து
உள்ளே இருக்கும் சனம் பல்லைக் கடிக்கும்.
அவர்தான்
விடிய ஐந்தே முக்காலுக்கு
ஸ்பிரிங்வேல் ரோட்டில்
அறுபதில் எண்பத்தொன்பது.
முதியோர் இல்லத்தில் ஆறு மணிக்கு முறை மாறுமே,
அவருக்கு என்ன அவசரம்?

பக்கத்தில் நின்றவர் தன் கடிதத்தை நீட்டினார்.
யூசுபி. கடைசிப் பக்கத்துக்காரர்.
இங்கிலீஷ் எழுத்து ஓடினால் பிடிக்க முடியாது என்றார்.
இரண்டு பேருமாய்க் காத்திருந்தோம்.
பத்தாம் பக்கம் திரும்பியதும் கழிவறை வந்தது,
கைபேசி வந்தது,
பிறகு நேரே ஒன்றாம் பக்கம்: அப்பா.
மூன்று சுற்று இப்படி.

நாலாவது சுற்றில் திரை அணைந்தது.
மூன்றும்.
சிக்னல் இல்லை என்றொரு சின்னப் பெட்டி
நீலத்தில் மிதந்து
சுவரில் முட்டித் திரும்பி மிதந்தது.
நாற்பது செக்கன் இருக்கும்,
அந்த மண்டபத்தில் ஒருவர்மேலும் வழக்கில்லை.
இரவல் கோட் போட்ட பொடியன் டையைத் தளர்த்தினான்.
பெட்டி மூலையில் சரியாகப் போய் முட்டுமா என்று
தள்ளுவண்டியில் ஒரு பிள்ளை வாயைத் திறந்து பார்த்தது.
வக்கீல்களும் பார்த்தார்கள்.
முட்டவில்லை. ஒரு விரல் தள்ளி.
பிறகு பெயர்கள் வந்துவிட்டன.

நாலாம் அறையில், மிஸ்டர் அருளம்பலம் என்று கூப்பிட்டார்கள்.
எழும்பி ஓம் என்றேன்.
ஒருவரும் திருத்தவில்லை. நானும்.
பிள்ளைகள் உண்டா, எத்தனை மணிக்கு வேலை
என்று கேட்ட நீதவான்
தண்டத்தில் கொஞ்சம் குறைத்தார்.
லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு இல்லை.

இறங்கி வந்தால் திரையில்
அருளம்பலம், நி
முடிந்தது
எட்டுச் செக்கனும் நின்று பார்த்தேன்.

யூசுபி இன்னும் பத்தாம் பக்கத்தில்தான்.
கைபேசியை அணைக்கச் சொல்லும் அறிவிப்பின் கீழ்
கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன்.
பதினொன்று வந்தது, எடுத்துவிட்டேன்.
பெரிதாக்கிப் பார்த்தால்
பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது,
அறை இலக்கத்தின்மேல் பச்சைக் கோடு.

அடுத்த திரைக்கு நடந்தோம்.
அவசரமில்லை.
எனக்கு பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.